மதினி கேட்ட வார்த்தை

எங்கள் ஊர்ப் பாஸ்குவில் என் அண்ணன்தான் நல்ல கள்ளன். ஆண்டவரின் பாடுகளை நடிக்கும் அந்த நாடகம், கன்னிவாடி ரோட்டில் இருக்கும் எங்கள் ஊரில் வருஷம் தவறாமல் நடக்கும். வலப்பக்கச் சிலுவையில் தொங்கிக்கொண்டு, என்னையும் நினைத்துக்கொள்ளும் என்று அவன் ஆண்டவரிடம் கெஞ்சும்போது பொம்பளைகள் மூக்கைச் சிந்துவார்கள். அந்த நேரத்தில் மட்டும் அவன் குடித்திருக்க மாட்டான். மற்ற நேரத்துக்கு நான் பொறுப்பில்லை.

அந்த வேஷம்தான் அவனைக் கெடுத்தது என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள் நான். விசுவாசம் நெஞ்சில் இருந்தால் மட்டும் பத்தாது, கையிலும் தெரிய வேண்டும் என்று அவனுக்கும் பாடம் நடத்துவேன். சிரிப்பான்.

“போ தாயி. அந்தக் கள்ளன் என்ன தானதருமமா பண்ணுனான்? கடைசில ஒரு வார்த்தை சொன்னான், மோட்சம். எனக்கு அது மனப்பாடம்.”

“அவனுக்கு அன்னைக்குத்தான் ஆண்டவரைத் தெரியும். ஒனக்கு ஞானஸ்நானம் வாங்குன நாள்லருந்து தெரியும்ல?” என்பேன். வாயாடி என்று பேரெடுத்தவள், விடுவேனா.

நாங்கள் இப்படி மோட்சத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, மதினிக்கு வேண்டியிருந்தது வேறு. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று அண்ணன் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து, கோயில் வாசலில் நின்று, பந்தல் போட வந்த ஒருத்தரையும் மதினியையும் சேர்த்துவைத்து அசிங்கமாகப் பேசினான். ஊரே கேட்டது. போதை தெளிந்ததும் அது பொய்யென்று அவனுக்கே தெரியும். மதினி அழவில்லை, அம்மா வீட்டுக்கும் போகவில்லை.

“நீங்க சொன்னது பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊருக்குச் சொல்ல வேணாம், என்கிட்ட சொன்னாப் போதும்” என்றாள்.

“சொல்லுவோம், சொல்லுவோம். நான் எங்க போயிரப் போறேன்?”

வருஷக்கணக்கில் இதே பதில்தான். பேச்சு நன்றாக இருந்த காலமெல்லாம் வீணாய்ப் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

போன தவக்காலத்தில், ஒத்திகைக்குக் கிளம்பியவன் வாசலிலேயே விழுந்தான். பக்கவாதம். உயிர் பிழைத்தது, வலது கையும் பேச்சும் போய்விட்டன. எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினான்.

மதினி பிரியாணிக் கடைகளுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுப்பவள். அதுவரை வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாத அண்ணன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில் தானாக நகர்ந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். செயலற்ற வலது கையைத் தூக்கி வெங்காயத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, இடது கை நகத்தால் தோலுரித்தான். அவள் ஒரு முறம் முடிக்கும்போது அவனிடம் ஒரு கைப்பிடி தேறும். ஆனாலும் தினமும் உரித்தான்.

“பாத்தீங்களா மதினி, அண்ணன் எம்புட்டு மாறிருச்சு” என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“அன்னைக்கு நீங்க சொன்னது பொய்தான?”

தலையாட்டினான். மதினியின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. செத்த நேரம் அவனையே பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, “காபி வேணுமா?” என்றாள். அதற்கும் ஆட்டினான். அப்போதுதான் குடித்து முடித்த டம்ளர் பக்கத்தில் இருந்தது.

“இன்னைக்குக் கிறிஸ்மஸா?”

அதற்கும் அதே ஆட்டல். மதினி மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

மழைக்காலத்தில் பக்கவாதம் இரண்டாம் முறை வந்தது. இனித் தேறாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பங்குச்சாமி வீட்டுக்கே வந்து நோயில்பூசுதல் கொடுத்தார். செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய இவனுக்கு நாக்கு இல்லையே என்று நான் புலம்பினேன். நல்ல மனுஷர் அவர். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி முடித்துவிட்டு, மதினியைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார்.

“கலங்காதம்மா. வாய் பேசலைன்னா என்ன, மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டிருப்பார். ஆண்டவருக்கு அது கேட்டிருக்கும்.”

மதினி அண்ணனின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“கேட்டிருக்கும் சாமி” என்றாள். “எனக்குத்தான் கேக்கல.”