நாலு பக்கமும் தெரிகிற கடை

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். விழாவுக்குப் போட்டுக்கொள்ள இருந்தது ஒரே ஒரு நல்ல சட்டை. அதைத் தூக்கிக்கொண்டு, நான் தங்கியிருந்த அறைக்குப் பின்னால் போகிற சந்தில் ஏறினேன். சந்து முடிகிற மேட்டில் ஒரு சலவைக் கடை இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். பாதி மேடு ஏறுவதற்குள் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் போய்ச் சேரும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"ஒரு சட்டைதானா?"

"ஒண்ணுதான் சார். நாளைக்குப் பட்டம் வாங்கப் போறேன்."

"அதுக்கு ஒண்ணு போதும்" என்று வாங்கி வைத்தார்.

மறுநாள் காலையில் அந்தச் சட்டை செங்கல் அளவுக்கு மடிந்து என் கைக்கு வந்தது. விரித்துப் பார்த்தால் நெஞ்சிலும் முதுகிலும் கட்டம் கட்டமாக மடிப்பு. மேலே அங்கி போட்டதால் மானம் தப்பித்தது. எடுத்த படத்தைக் காட்டலாம் என்று சாயங்காலம் மறுபடி மேடு ஏறினேன். கடையில் இரண்டு நாற்காலி இருந்தும், துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்காரச் சொன்னார்.

"அந்த நாற்காலிக்கு ஆள் வரணும்" என்றார்.

அந்த நாற்காலிக்கு வர வேண்டிய ஆளின் கதைதான் அவர் கதையும். அவர் சொன்னது பாதி, பின்னால் அவர் மனைவி சொன்னது பாதி.

தெருவில் அவருக்குப் பெயர் மிலிட்டரி. மீசை முளைக்கிற வயதில் பட்டாளத்துக்குப் போனவர், அது நரைக்கிற வயதில் திரும்பினார். நடுவில் வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. லீவில் வரும்போதெல்லாம் மகன் முதல் வாரம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு எட்டிப் பார்ப்பான். இரண்டாவது வாரம் கிட்டே வருவான். மடியில் ஏறி உட்காரப் பழகுகிற நேரத்தில் இவர் பெட்டியைக் கட்டிவிடுவார்.

ஒரேயடியாக வந்து சேர்ந்த முதல் மாதம், அதுவும் இன்னொரு லீவு மாதிரியே கழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போல, "என்ன அண்ணே, லீவு எப்ப முடியுது?" என்று கேட்டார். "முடிஞ்சிருச்சு. இனிமே இங்கதான்" என்று இவர் சொன்னதும், "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த "ஓ"வை மிலிட்டரி வெகுநாள் மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார்.

வீடு அவர் இல்லாமலே ஓடப் பழகியிருந்தது. பல்பு ஃபியூஸாகிவிட்டது என்று இவர் ஸ்டூலைத் தேடி எடுத்து வருவதற்குள், மனைவி குண்டூசியை வாயில் கடித்தபடி மேஜைமேல் ஏறி மாற்றிவிட்டு இறங்கியிருப்பாள். கதவுக் கீல் கிறீச்சிட்டால் தையல் மிஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விடுவாள். மெயின் ரோட்டைப் பார்த்த முன்னறை முழுக்க அவளுடைய தையல் கடை. பள்ளிக்கூடத்துச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று எப்போதும் நாலு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் தலை தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். "வாங்க அண்ணா" என்று ஒருத்தி மரியாதையாக எழுந்து நிற்பாள். அந்த மரியாதையைத் தாங்கமாட்டாமல் இவர் திரும்பப் படுக்கையறைக்கே போய்விடுவார். அங்கே கட்டிலுக்கடியில் அவருடைய தகரப் பெட்டி. சட்டை, வேட்டி எல்லாம் அதற்குள்தான். பீரோவில் இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறதா என்று இவரும் கேட்கவில்லை.

மகன் வேறு ஊரில் வேலையில் இருந்தான். போன் வரும். "நல்லா இருக்கீங்களாப்பா?" "இருக்கேன். நீ?" "இருக்கேன்ப்பா. அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சலவைக் கம்பெனி, பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்குத் தன் பெயரில் கிளை வைத்துக்கொடுக்கிறது என்று கேள்விப்பட்டார். மிஷினும் பயிற்சியும் சலுகையில் கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான்: குடும்பத்தில் இன்னொருவரும் கடையில் நிற்க வேண்டும்.

"வீட்டம்மா நிப்பாங்களா சார்?" என்று கேட்டார் கம்பெனி ஆள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, எதையும் சிரித்துக்கொண்டே கேட்கிற ஆள் அவர்.

"நிப்பா" என்றார் மிலிட்டரி. வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நாற்காலி மட்டும் இரண்டாக வாங்கிப் போட்டார்.

அடுத்தது இடம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு நல்ல இடத்தைக் கம்பெனி ஆள் காட்டினார். மிலிட்டரி உள்ளே போய் நின்று பார்த்தார். பின்னால் இன்னொரு கதவு இருந்தது. இடப்பக்கம் ஒரு மரம் பாதித் தெருவை மறைத்தது.

"இது சரிப்படாது தம்பி. பின்னாடி கதவு இருந்தா எவன் வர்றான் எவன் போறான்னே தெரியாது."

அவரே அலைந்து பிடித்ததுதான் சந்து முடிகிற மேடு. முதுகுக்குப் பின்னால் கனத்த கல் சுவர். நுழைய ஒரே வழி. உட்கார்ந்த இடத்திலிருந்தே சந்து முழுக்கத் தெரியும். சந்துக்கு அப்பால் தெரு, அதற்கும் அப்பால் பஸ் நிறுத்தம். பார்த்ததுமே அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"இங்கேர்ந்து பாத்தா நாலு பக்கமும் தெரியுது. நமக்குத் தெரியாம ஒரு ஆள் வர முடியாது."

"தெரிஞ்சே வர்றதுக்குத்தான் சார் நமக்கு ஆள் வேணும்" என்றார் கம்பெனி ஆள். ஆனால் பட்டாளத்துக்காரரிடம் மல்லுக்கு நிற்க அவருக்குத் தைரியம் இல்லை. பஸ் நிறுத்தத்து இடத்தை அந்த மாதமே ஒரு செல்போன் கடைக்காரர் வளைத்துப் போட்டுக்கொண்டார்.

கடை திறந்தாயிற்று. ஈ ஓட்டினார் என்று சொல்லலாம். ஆனால் அந்த மேடு ஏற ஈயே யோசித்தது. கீழே தெருவில் போகிற ஒவ்வொருவரையும் அவர் பார்த்தார். யார் அவசரமாகப் போகிறார்கள், யார் குடையை மறந்துவிட்டார்கள், யாருக்கு முழங்கால் வலி, எல்லாம் அவருக்குத் தெரியும். சிலர் கீழேயிருந்து கையாட்டுவார்கள். இவரும் ஆட்டுவார். அவ்வளவுதான். என்னைப் போல அறை எடுத்துத் தங்கியிருந்த பையன்கள் சிலர் மட்டும் ஏறி வந்தோம்.

துணி வராத நாளில் மிஷின் சத்தம் கேட்டாவது யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று கடைத் திரையையே கழற்றித் துவைப்பார். காய வைத்து, இஸ்திரி போட்டு, திரும்ப மாட்டுவார். அந்தத் திரை வருஷம் முடிவதற்குள் வெளுத்து, எதிர்ப்பக்கம் தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. மத்தியானம் மனைவி கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸைத் திறந்து, தெருவைப் பார்த்தபடி சாப்பிடுவார். வீட்டுக்குப் போனால், "வியாபாரம் எப்படி?" என்பாள் அவள். "போகுது" என்பார்.

ஒரு வருஷம் கழித்துக் கம்பெனி ஆள் வந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தவர் பார்வை இரண்டாவது நாற்காலியில் போய் நின்றது.

"வீட்டம்மா எங்க சார்?"

"இப்பத்தான் துணி வாங்கிட்டு வரப் போயிருக்கா."

"சேர்ல பிளாஸ்டிக் கவரையே இன்னும் பிரிக்கல சார்" என்றார் அவர். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

மிலிட்டரிக்குக் காது மடல்வரை சூடேறியது. கம்பெனி ஆள் குரலைத் தணித்துக்கொண்டார். "அடுத்த மாசம் வருவேன். ஆளும் இருக்கணும், இடமும் மாறணும். இல்லேன்னா போர்டை எடுத்துருவாங்க. ஏன் சார், உங்க வீட்டு முன்ரூம் மெயின் ரோட்டைப் பாத்துத்தானே இருக்கு? அதைக் குடுக்க மாட்டாங்களா?"

அன்று சாயங்காலம் மிலிட்டரி முன்னறை வாசலில் போய் நின்றார். மனைவி துணியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்கிற பயம்தான் இத்தனை நாள் அவர் வாயைக் கட்டிப் போட்டிருந்தது. இந்த வீட்டில் தனக்கு ஓர் இடம் உண்டா இல்லையா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

"என்ன, வாசல்லயே காவலா?" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

சொன்னார். நிபந்தனை, நாற்காலி, தன் பொய், கம்பெனி ஆள் கேட்ட இந்த அறை, ஒன்றுவிடாமல். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"என்னைக் கேக்காமலே என் பேரைக் குடுத்திருக்கீங்க."

"வரமாட்டேன்னு சொல்லிருவியோன்னு..."

"வரமாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்ல?"

அவர் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரூமைத் தர முடியாதுங்க. நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போயிருவீங்க. மிச்ச நாளெல்லாம் இந்த ரூம்தான் எனக்குப் பேச்சுத் துணை. இதை எடுத்துட்டா நான் எங்க போய் உக்காருவேன்?"

அந்தக் கேள்விக்குப் பதில் அவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் உட்கார இடமில்லாமல்தானே அவரே மேட்டில் போய்க் கடை போட்டார்.

மறுநாள் மத்தியானம் சந்து முனையில் ஓர் ஆள் திரும்பியது. நடையை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றார். அவள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருவதை முழுக்கப் பார்த்தார். கடைசிவரை இறங்கிப் போய் எதிர்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. காவலில் நிற்பவன் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அவருக்கு அவ்வளவு ஊறிப்போயிருந்தது.

அவள் கடையைப் பார்த்தாள். திரும்பி நின்று, ஏறி வந்த சந்து, தெரு எல்லாவற்றையும் பார்த்தாள்.

"எல்லாரும் நல்லாத்தான் தெரியறாங்க. கடைதான் ஒருத்தருக்கும் தெரியல."

அலமாரியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து உதறி விரித்தாள். "இது என்ன, சட்டையா செங்கலா?"

"பெட்டியில அடங்கணும்ல."

"இங்க யாருங்க பெட்டியில வைக்கிறா?" என்று கேட்டவள், அதற்கு மேல் பேசாமல் சட்டையைத் தன் வழக்கப்படி மடித்தாள். கழுத்து மேலே, கை பின்னால், ஒரே மடிப்பு. பிறகு சொன்னாள்: "ரூமைத் தரமாட்டேன். ஜன்னலைத் தர்றேன். துணியை நான் வாங்கி வைக்கிறேன். நீங்க வந்து எடுத்துட்டுப் போங்க, துவைச்சுக் கொண்டாந்து குடுங்க."

"கொஞ்சம் உக்காரேன்."

"ஆள் காத்துட்டிருக்காங்க" என்று இறங்கிப் போய்விட்டாள். அவள் தெருவில் திரும்பி மறைகிறவரை அவர் நின்றுகொண்டிருந்தார்.

ஜன்னல் கணக்கைக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் அந்த ஆளே ஏணி போட்டு ஏறி போர்டைக் கழற்றினார். "மன்னிச்சுக்குங்க சார்" என்றார். மிலிட்டரிதான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது நான் வேலை கிடைத்து வேறு ஊருக்கு வந்துவிட்டேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். கடை இருக்கிறது, போர்டு இருந்த இடத்தில் ஓட்டைகள் மட்டும். தையல் அறை ஜன்னலில் 'இங்கே சலவைக்குத் துணி வாங்கப்படும்' என்று அட்டை தொங்குகிறது. துணி நிறைய வருகிறது. காலையிலும் மாலையிலும் மிலிட்டரி தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, தெருவில் நின்று, மூட்டையை வாங்கிக்கொள்கிறார். எது கறை, எது சாயம் போகும் என்று கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் சொல்கிறாள்; இவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறி, மிச்ச நேரமெல்லாம் மேலே தனியாக இருக்கிறார். சட்டைகளை இப்போது ஒரே மடிப்பாக மடிக்கிறார். அவருடைய சட்டைகள் இன்னும் கட்டிலுக்கடியில் பெட்டியில்தான் இருக்கின்றன. மேட்டுக் கடையில் இரண்டாவது நாற்காலி அதே இடத்தில் இருக்கிறது. கவரைப் பிரிக்கவில்லை.