சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸுக்கு ஏழு மணி நேரம்

தாய்நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு வருடம். திங்கட்கிழமை அம்மாவின் கடிதம் கடல் தாண்டி, காஜா பெராங் ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தது. தங்கச்சி கல்யாணத்தை முன்கூட்டியே வைத்துவிட்டார்களாம். வருகிற சனிக்கிழமை காலை, மாயவரத்தில். "கப்பலில் வந்து சேர முடியாது. சித்தப்பா மகன் பொரி போடட்டும்" என்று எழுதியிருந்தார்.

அப்பா இல்லாத வீட்டில் நான் ஒரே அண்ணன். அக்கினிக்கு முன்னால் தங்கச்சி கையில் நான்தானே பொரி போட வேண்டும்? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி வளையல்களைக் கழற்றிக் கொடுத்து, "என்னங்க, பறந்து போங்க" என்றாள்.

டிக்கெட் விற்றவர், சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸ் ஆயிரத்தெண்ணூறு மைல், ஏழு மணி நேரம் என்றார். கப்பலில் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்து வந்தவன் நான். முருகா, ஏழு மணி நேரமா! ஆனால் விரல் விட்டு எண்ணினால் இடித்தது. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குக் கிளம்பினால் நாலரைக்குத்தான் இறங்குவேன். மாயவரம் ரயில் நாலு மணிக்கே போய்விடும். 'ஏறு, முருகன் பார்த்துக்கொள்வான்' என்று திருநீறு பூசிக்கொண்டு ஏறிவிட்டேன்.

மேகத்துக்கு மேலே வெயில் அப்படி ஒரு வெயில்! பத்தரைக்கு இராகு காலம் தொடங்கியதும் கண்ணை மூடிக் கந்த சஷ்டி கவசம் சொன்னேன், திரும்பத் திரும்ப. கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனதும்தான் மூச்சு வந்தது. பக்கத்தில் நாகூர்க்கார பாய் ஒருவர், துணி வியாபாரி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கடிகாரத்தைத் திருப்பலையா? மெட்ராஸ்ல இப்ப மணி பத்துதான்."

"பத்தா?"

"அங்கே ரெண்டு மணி நேரம் பின்னாலே. நாம ரெண்டரைக்கு இறங்கிடுவோம்."

ரெண்டரை! ரயில் கிடைத்துவிடும்! பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். முள்ளைத் திருப்பியதும் பகீரென்றது.

"பாய், அப்படின்னா பத்தரைக்கு மறுபடியும் இராகு காலம் வருமே!"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க இராகு டிக்கெட் எடுத்தாரா அண்ணே? எடுக்காத ஆளை இவங்க ஏத்த மாட்டாங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. இருந்தாலும் இரண்டாவது இராகு காலத்துக்கும் கவசம் சொன்னேன். பாய் தன் பங்குக்குத் தஸ்பீஹ் ஜெபமணி மாலையை உருட்டினார்.

சுங்கச் சோதனை முடித்து ஓடி, ரயில் புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது பெட்டிக்குள் தாவினேன்.

ரயில் வழியெல்லாம் நின்று நின்று, மறுநாள் விடிந்த பிறகே மாயவரம் சேர்ந்தது. மணவறையில் சித்தப்பா மகன் புது வேட்டியோடு முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் முறத்தை என் கையில் திணித்தான். தங்கச்சி நிமிர்ந்து பார்த்து, ஐயர் மந்திரம் சொல்வதையும் மறந்து, "அண்ணா!" என்று கத்திவிட்டாள்.

நான் அவசரமாக அள்ளிப் போட்டதில் பாதிப் பொரி தரையில் சிந்தியது. அவள் இரண்டு கையையும் இன்னும் அகலமாக ஏந்தினாள்.

"மெதுவாப் போடுண்ணா" என்றாள்.