அக்காவின் பாட்டில்

பிள்ளைகளே, நேற்று விருந்தாளிகள் வந்தபோது அந்தப் பழுப்புப் பாட்டிலை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தீர்கள். சாராயப் பாட்டில் மாதிரி இருக்கிறது, தப்பாக நினைப்பார்கள் என்றீர்கள். அது சாராயப் பாட்டில்தான். அதில் சாராயம் குடித்தது யாரோ எனக்குத் தெரியாது. மருந்து குடித்தவள் என் அக்கா, நீங்கள் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட உங்கள் அத்தை. நான் அதிகம் படித்தவன் இல்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பாதியில் நாங்கள் இருவரும் மரக்காணம் உப்பளத்தில் ஒரே மேஸ்திரியின் கீழ் வேலை செய்தோம். அக்காவுக்கு மூட்டு வலித்தது. உப்பளத்தில் யாருக்குத்தான் வலிக்கவில்லை? உடம்பெல்லாம் அரித்தது, உப்புத்தண்ணீர் என்றோம். கண் மஞ்சளித்தது, வெயிலில் வெள்ளை உப்பையே பார்த்துப் பார்த்து எங்கள் எல்லோர் கண்ணும் கெட்டுத்தான் கிடந்தது. எல்லாப் பழியையும் உப்பின் மேல் போட்டுவிட்டு, அதே உப்பை வறுத்துத் துணியில் கட்டி அவள் முட்டிக்கு ஒத்தடமும் கொடுத்தோம். ஒரு நாள் உப்புக் கூடையைத் தலைக்குத் தூக்கியவள், “அம்மா” என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பாதிக் கூடைதான். அதற்கே முதுகெலும்பு விரிசல் விட்டிருந்தது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, ரத்தமும் பார்த்த டாக்டரம்மா, நோய் ஈரலில் என்றார். ஈரல் நாள்பட்டுக் கெட்டால் பித்தநீர் சரியாக இறங்காது, சாப்பாட்டுச் சத்து எலும்புக்குப் போய்ச் சேராது, எலும்பு உள்ளுக்குள்ளேயே மெலியும், மூட்டும் நோகும் என்று எங்களுக்குப் புரியும்படி சொன்னார். “குடிக்காதவங்களுக்கும் இது வரும்மா. சுமை தூக்காத. நடக்கலாம், தப்பில்ல.” முழுசாகக் குணமாகாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஊருக்குப் பாதிச் சேதிதான் வந்தது: ஈரல் கெட்டுவிட்டது. எங்கள் பக்கம் அதற்குக் குடி என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. இங்கே மதுவிலக்கு, புதுச்சேரியில் சாராயக் கடை திறந்திருந்த காலம் வேறு. ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றித் தர நாம்தான் பாட்டில் கொண்டுபோக வேண்டும். அவளுக்குக் கிடைத்தது இந்தக் காலிச் சாராயப் பாட்டில்தான். காலி பாட்டிலோடு பஸ் ஏறி, நிறைந்த பாட்டிலோடு இறங்குகிற பெண்ணை ஊர் சும்மா விடுமா? “ஏன்டி, எங்களுக்கும் ஒரு மூடி ஊத்தேன்” என்பாள் கூட வேலை செய்த ஒருத்தி.

மழை முடிந்து பாத்தி மிதிக்கும் நாள் வந்தது. சேற்றுத் தரை இறுக, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வரிசையாக மிதிப்போம். அந்த வரிசையில் இடம் கிடைத்தவர்களுக்குத்தான் அந்தப் பருவத்தில் வேலை. மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொன்னார்: “குடிகாரிக்கு வரிசைல இடமில்ல. வூட்டுக்குப் போ.”

அக்கா முந்தானையில் சுற்றியிருந்த பாட்டிலை எடுத்தாள். அதன் கழுத்தில் கயிறு கட்டி, வரப்போரக் கம்பத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிட்டாள்.

“ஏம்பா மேஸ்திரி, மோந்து பாரு. பத்தலன்னா குடிச்சுப் பாரு. எலும்புதான் தேயுது, மானம் தேயல.”

மேஸ்திரி வீம்புக்கு ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. வாய்க்காலுக்கு ஓடித் துப்பினார். “த்தூ! இந்தக் கசப்புக்கா புதுச்சேரி வரைக்கும் போற?”

சிரிப்பு அடங்குமுன் அக்கா சேற்றில் இறங்கி, தனியாக மிதிக்கத் தொடங்கினாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. நான் இறங்கப் போனேன். “நீ நில்லுடா. தம்பி வந்தா அது கணக்குல சேராது” என்றாள். வெயில் ஏறியது, மண் காயத் தொடங்கியது. மிதிக்காமல் காய்ந்த பாத்தி வெடித்துவிடும். கடைசியில், மூடி கேட்டுக் கேலி செய்தவளே முணுமுணுத்துக்கொண்டு இறங்கினாள்.

“மண்ணு காயுது. பேசாம மிதி” என்று அக்காவின் தோளில் கை போட்டாள். அழுத்தாமல், பார்த்துத்தான் போட்டாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். மேஸ்திரி வரிசையை எண்ணியபோது அக்காவையும் சேர்த்தே எண்ணினார்.

நடக்க முடிந்தவரை அக்கா மிதித்தாள். அவள் வேலைக்கு வந்த நாளெல்லாம் பாட்டில் அந்தக் கம்பத்தில்தான் தொங்கியது. அவள் செத்த அன்றும் பந்தலில் யாரோ “குடிச்சே போயிட்டா” என்றார்கள்.

இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்தேன். சாம்பல் போட்டுக் கழுவினேன். வாசல் நிலையில், தெருவில் போகிறவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டினேன்.