முறைப்படி வந்த தம்பி

சந்தேகம் தன் கணவருக்குச் சம்பளத்தோடு சேர்ந்து வந்த குணம் என்பது இராஜேஸ்வரியின் கட்சி. சுவிஸின் பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையொன்றில் சண்முகநாதனுக்கு இருபத்தாறு வருடங்களாக ஒரே வேலைதான். கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, முகப்பில் தூசி இருக்கிறதா, முள் கோணியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுவது. நல்லது என்று சொல்ல அங்கே ஆள் வைக்கவில்லை, பிழை பிடிக்கத்தான் வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணை மாலையில் மேசையிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியாது. யாராவது ஒருவர் பஸ்ஸில் சிரித்து வணக்கம் சொன்னால் போதும், அந்தாளுக்கு என்ன தேவைப்பட்டிருக்கும் என்று இரவுச் சாப்பாடு வரை ஆராய்வார்.

அப்படிப்பட்டவர் தன் ஆயுளில் அதிகம் சந்தேகப்பட்டது மனிதரையல்ல, ஒரு கட்சியை. அதுவும் அவர் ஒருநாளும் குடியிருக்காத நாட்டின் கட்சி, இங்கிலாந்தின் கொன்சவேட்டிவ், அதாவது பழமைவாதக் கட்சி. அவருக்கும் அதற்கும் என்ன தொடுசல் என்று கேட்டால், தம்பி என்ற ஒரே பதில்தான்.

பாலேந்திரன் ஆறு வயது இளையவன். 1992இல் இத்தாலிப் பக்கத்தால் எல்லையை நடந்து கடந்து வந்து, பீலில் அண்ணனின் அறையில் மூன்று மாதம் கிடந்தான். ஜெர்மனும் வேண்டாம், பிரெஞ்சும் வேண்டாம், இங்கிலிஸ் பேசுகிற இடத்துக்குப் போனால்தான் முன்னுக்கு வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். சண்முகநாதன் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். அவரிடம் நீல நிறப் பயணப் பத்திரம் ஒன்று இருந்தது. அதைக் காட்டினால் அந்த நாளில் லண்டனுக்கு விசா தேவையில்லை. பாஸ்போட்டில் படத்தை உரித்துவிட்டு வேறு படம் ஒட்டுவதை நம் ஆட்கள் ‘தலை மாத்துறது’ என்பார்கள். இந்த இருவருக்கும் அதுகூட வேண்டியிருக்கவில்லை. ஒரே மூக்கு, ஒரே நெற்றி. பத்திரத்தின்படி ஜெனீவாவில் விமானம் ஏறியவர் சண்முகநாதன். லண்டனில் இறங்கி, கழிப்பறையில் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அகதி என்று கை தூக்கியவன் பாலேந்திரன்.

பத்திரம் தொலைந்துவிட்டது என்று அண்ணன் இங்கே பொலிஸில் போய்ச் சொன்னார். அவர்கள் நம்பவில்லை, நிரூபிக்கவும் முடியவில்லை, கோப்பில் ஒரு வரி மட்டும் எழுதி வைத்தார்கள். அந்த ஒரு வரியால் 2003இல் அவருடைய குடியுரிமை விண்ணப்பம் திரும்பி வந்தது. சிவப்புப் பாஸ்போட்டைக் கையில் வாங்க இன்னும் பத்து வருடம் போயிற்று. இது இராஜேஸ்வரிக்குத் தெரியும். தம்பிக்கு அவர் மூச்சுக் காட்டவில்லை. செய்ததைச் சொல்லிக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. உள்ளுக்குள் வைத்துப் புழுங்குவதுதான் அவர் வழி.

2009 சித்திரை, வைகாசியில் பாலேந்திரன் லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் கொடியோடு நாட்கணக்காக நின்றான். அப்போது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. வன்னியில் எல்லாம் முடிந்துபோன பிறகு, இவர்களை நம்பி என்ன கண்டோம் என்று வெறுத்துப்போய் மற்றப் பக்கம் சாய்ந்தான். அந்தக் கோபத்தைச் சண்முகநாதனால் விளங்கிக்கொள்ள முடிந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் வந்த விளக்கங்களைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

“அண்ணை, அவை எங்கட ஆக்கள் மாதிரித்தான். குடும்பம், கடை, கோயில், பிள்ளையின்ர படிப்பு. அரசாங்கத்திட்டக் கை நீட்டாம உன்ர காலில நில் எண்டு சொல்லினம். அதைத்தானே எங்கட அப்பாவும் சொன்னவர்?”

“எங்கட அப்பா ஆரையும் ஊரை விட்டுப் போ எண்டு சொன்னதில்லை.”

அந்த இலையுதிர் காலத்தில் பீல் ரயில் நிலையத்தில், பள்ளிவாசல்களுக்குக் கோபுரம் கட்டத் தடை கேட்ட வாக்கெடுப்புக்காக ஒரு போஸ்டர் தொங்கியது. சுவிஸ் கொடியைக் குத்திக்கொண்டு நிற்கும் கறுப்பு மினாரட்டுகள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சண்முகநாதன் அதைப் பார்த்தார். நமக்கென்ன, நாம் சைவக்காரர் என்று கூட வேலை செய்த தமிழர் ஒருவர் சொன்னார். சண்முகநாதன் அதோடு விடவில்லை. பழையதைக் காப்பாற்றுகிறோம் என்று தொடங்குகிற கட்சிகள் எந்த நாட்டிலும் கடைசியில் யாரைக் கணக்கிலிருந்து கழிக்கின்றன என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

லண்டன் கட்சி முதலில் சிரித்த முகத்தோடுதான் வந்தது. மரத்தைச் சின்னமாகப் போட்டார்கள், சூழல் என்றார்கள், எல்லா நிறத்தவரும் வாருங்கள் என்றார்கள். 2013இல் அவர்களுடைய பிரதமர் யாழ்ப்பாணத்துக்கே போனார். பாலேந்திரன் தொலைபேசியில் அழுதான்.

“படம் எடுத்தாங்களோ?” என்று சண்முகநாதன் கேட்டார்.

“ஓம், உலகம் முழுக்க வந்தது.”

“அப்ப சரி.”

தம்பி இரண்டு வாரம் தொலைபேசி எடுக்கவில்லை. 2016இல் ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும்தானே என்று சொன்னான். “உன்னை நான் எங்க இருந்து அனுப்பினனான்?” என்று அண்ணன் கேட்டபோது லைன் வெட்டுப்பட்டது. உண்மையாக வெட்டுப்பட்டதா, அவன் வெட்டினானா என்று இன்றைக்கும் சண்முகநாதனுக்குச் சந்தேகம். கட்சி வருடத்துக்கு வருடம் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே போயிற்று. ரயிலுக்குள் இருப்பவனுக்கு அது வளைவது தெரியாது, பாதைக்கு வெளியே நிற்பவனுக்குத்தான் தெரியும். கடும் சொற்களைச் சொல்ல நம் நிறத்து ஆட்களையே முன்னால் விடுகிறார்கள் என்பதையும் அவர் கவனித்து வைத்திருந்தார். நாளைக்கு அந்த வரிசையில் தன் தம்பியும் நிற்பானோ என்ற பயம் அவருக்கு இருந்தது. வெறுப்பு இல்லை, பயம்தான்.

2022 பங்குனியில் அது நடந்தது. வைகாசியில் வரப்போகும் உள்ளூராட்சித் தேர்தலில் பாலேந்திரன் கட்சியின் வேட்பாளர். துண்டுப்பிரசுரம் வட்ஸ்அப்பில் வந்தது. சண்முகநாதன் சமையலறையில் உட்கார்ந்து இரண்டு விரலால் எழுத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து வாசித்தார். நீலக் கோட், நல்ல சிரிப்பு. கீழே ஒரு வசனம்: ‘என் குடும்பம் வரிசையில் நின்று, முறைப்படி இந்த நாட்டுக்கு வந்தது.’

தன் வாழ்க்கையின் பத்து வருடத்தை யாரோ அழிறப்பரால் தேய்த்துவிட்டது போல இருந்தது அவருக்கு. அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு தம்பியே எடுத்தான். இருவரும் படித்த வடமராட்சிப் பள்ளிக்கூடத்தின் சுவிஸ் பழைய மாணவர் சங்கம் ஈஸ்டர் திங்களன்று பேர்ண் நகரத்துப் பூம்ப்ளிஸில் வருஷக் கொண்டாட்டம் வைக்கிறதாம், அவன்தான் பிரதம விருந்தினராம். “அண்ணை, என்னை அறிமுகம் செய்து நீங்கள்தான் பேசவேணும். வேற ஆரும் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்.”

சண்முகநாதனுக்கு மூக்கு வேர்த்தது. முப்பது வருடத்தில் ஒரு மேடைக்கும் கூப்பிடாதவன் இப்போது ஏன் கூப்பிடுகிறான்? அவர் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். கூட்டத்தைக் கட்டாயம் படம் பிடிப்பார்கள். அது லண்டன் தமிழ் வீடுகளுக்குப் போகும். கூடப்பிறந்தவனின் வாயாலேயே அந்தப் பொய்க்கு ஒரு முத்திரை குத்தி வாங்கப் பார்க்கிறான்.

“அந்த வசனத்தை எடு எண்டு நேர கேளுங்கோவன்” என்றார் இராஜேஸ்வரி.

“கேக்கிறதோ? அவன்ர முகத்துக்கு முன்னால, சபையில சொல்லுவன்.”

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, படகில் வருகிறவர்களை ருவாண்டாவுக்கு ஏற்றப்போவதாக லண்டன் அரசாங்கம் அறிவித்தது. அது தமிழ் வருஷப் பிறப்பன்று. சண்முகநாதன் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினார். ‘இவர் என்ர பேரில வந்தவர்’ என்ற இடத்தில் குரல் தழுதழுக்காமலிருக்க நாலு தரம் சொல்லிப் பார்த்தார்.

மண்டபத்தில் நூற்றிருபது பேர். குத்துவிளக்கு, பள்ளிக் கீதம், பொன்னாடை எல்லாம் முறையாக நடந்தன. சண்முகநாதன் ஒலிவாங்கியைப் பிடித்தார். முன்வரிசையில் தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு தொண்டைவரை வந்தது. ஆனால் சபை என்றால் சபைதான். அறிமுகம் செய்கிறவன் புகழ வேண்டும், கூடப்பிறந்தவனை வெளியாட்களுக்கு முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது. தம்பி கணக்கில் எடுத்த புள்ளிகளையும் உதைபந்தாட்டத்தில் அடித்த கோலையும் சொல்லிவிட்டு, எப்படி வந்தான் என்பதைத் தொடாமலே இறங்கிவிட்டார். இறங்கும்போது தன்னையே காறித் துப்பலாம் போலிருந்தது.

பாலேந்திரன் பேசி முடித்ததும் கேள்வி நேரம் வந்தது. பின்வரிசையிலிருந்து கனகரத்தினம் என்பவர் எழுந்தார். பேர்ணில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதிருக்கும்.

“தம்பி, என்ர மருமகன் மாசியில படகில ஏறி இங்கிலாந்துக்குப் போனவன். இப்ப ஒரு ஹோட்டலில வைச்சிருக்கினம். ருவாண்டாவுக்கு அனுப்பிப்போடுவினமோ எண்டு பெடியன் நித்திரை இல்லாமக் கிடக்கிறான். உங்கட கட்சிதானே, ஏதும் சொல்லிப் பாக்கலாமோ?”

தெரு விளக்குக்கும் குப்பைத் தொட்டிக்கும் பொறுப்பான சபைக்குப் போட்டியிடுகிற ஆள் இதற்கு என்ன செய்ய முடியும்? அதைச் சொல்லியிருக்கலாம். பாலேந்திரன் அண்ணனை ஒருமுறை பார்த்தான். பிறகு, “ஐயா, முறைப்படி வாறவைக்குக் கதவு திறந்துதான் இருக்கு” என்றான்.

கிழவர் உட்காரவில்லை. சண்முகநாதன் பக்கம் திரும்பினார். “நீங்கள் தமையன். நீங்கள் சொல்லுங்கோ. இவர் முறைப்படியோ வந்தவர்?”

கேட்டுவிட்டார். மண்டபம் முழுவதும் திரும்பியது. படம் பிடிக்கிறவனும் திரும்பினான். ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அவர் பழகி வைத்த சொல்தான். தம்பியின் நெற்றி வேர்த்திருப்பதைக் கண்டார். அதைக் கண்டதும் வாய் தானாகவே திறந்தது.

“ஓம் ஐயா. முறைப்படிதான்.”

கனகரத்தினம் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். வடையும் தேத்தண்ணியும் வந்தன.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணனும் தம்பியும் காருக்குள் இருந்தார்கள். சண்முகநாதன் சாவியைத் திருப்பவில்லை. “இப்ப சந்தோசமோ? இதுக்குத்தானே என்னை மேடையில ஏத்தினனி? வீடியோவை இண்டைக்கே அனுப்பு.”

பாலேந்திரன் தோளில் கிடந்த பொன்னாடையைச் சரிசெய்தான். பிறகு, “நீங்கள் இல்லையெண்டு சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்” என்றான்.

“என்ன?”

“அந்த வசனம் நான் எழுதினதில்லை. கட்சிக்காரர் எழுதித் தந்தவை. வேண்டாம் எண்டு சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை. பதின்மூண்டு வருசம் அவையோட திரிஞ்சிட்டன், இனி எங்க போறது? உலகத்தில ஒராள் என்னை நேருக்கு நேர பிழை எண்டு சொல்லுமெண்டால் அது நீங்கள்தான். அதுதான் உங்களைப் பேசச்சொல்லிக் கேட்டனான். நீங்கள் மறுத்தா நானும் ஓம் எண்டு ஒத்துக்கொண்டு விலகியிருப்பன்.”

சண்முகநாதன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிழை பிடிக்கிற அந்தக் கண்ணால்தான் பார்த்தார். பொய் தெரியவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது.

“உன்ர வாய் எங்கயடா போனது?” என்றார். அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

கனகரத்தினம் ட்ராம் தரிப்பிடத்தில் தனியாக இருந்தார். தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நாங்கள் முறைப்படி வரேல்லை” என்றார் சண்முகநாதன். “என்ர பத்திரத்திலதான் இவன் போனவன்.”

கிழவர் அவரை அண்ணாந்து பார்த்தார். “எனக்கு இது தெரியாதோ தம்பி? எங்களில ஆர் வரிசையில வந்தது? ஆனா ஒரு மூத்த ஆள் சபையில நிண்டு சொல்லேக்க நம்பத்தானே வேணும். இப்பதான் மருமகனுக்கு எடுத்து ஏசிப்போட்டு இருக்கிறன். மற்றவை முறையா வந்து மரியாதையா இருக்கினம், நீதான் களவா வந்து எங்களைத் தலைகுனிய வைச்சனி எண்டு. பெடியன் ஒண்டும் பேசாம வைச்சிட்டான்.”

சண்முகநாதன் கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “திரும்ப எடுங்கோ. நான் கதைக்கிறன்.”

முதலாம் தரம் பெடியன் எடுக்கவில்லை. இரண்டாம் தரமும் எடுக்கவில்லை. ஒரு ட்ராம் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது, கிழவர் ஏறவில்லை. மூன்றாம் தரம் எடுத்தான். கிழவர் தொலைபேசியை நீட்டினார், சண்முகநாதன் வாங்கினார்.

“தம்பி, என்ர பேர் சண்முகநாதன். உங்கட மாமாவுக்கு இண்டைக்குப் பொய் சொன்னது நான்தான்” என்று தொடங்கி, ஜெனீவாவையும் நீலப் பத்திரத்தையும் பொலிஸையும் திரும்பி வந்த விண்ணப்பத்தையும் ஒன்றும் விடாமல் சொன்னார். பாலேந்திரனுக்கும் தெரியாத அந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லும்போதுதான் பின்னால் ஆள் நிற்பதை உணர்ந்தார். தம்பி காரிலிருந்து இறங்கி வந்து, பொன்னாடை தோளிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்ததும் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தான். சண்முகநாதன் குரலைத் தணிக்கவில்லை.