எடைமேடையில் ஒரு சுற்று

அருப்புக்கோட்டைக்கு வெளியே, லாரி எடைமேடையில் எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பவரைச் சந்தித்தேன். காதில் பேனா, எவரையும் நம்பாத பார்வை. அவருடைய வேலையை ஏஐ ஏஜென்ட் செய்வதற்கான வழிமுறையை எழுதப் போயிருந்தேன்.

எடை போட்டதும் ஒவ்வொரு லாரியையும் ஒருமுறை சுற்றி வந்த பிறகுதான் சீட்டுக் கொடுத்தார். டிரைவர்களிடம் ஏதோ வாங்குகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

“எதுக்குண்ணே சுத்துறீக?”

“சும்மாதான். நீங்க எழுதுறதப் படிச்சுட்டு, அந்த ஏஜென்ட்டு ‘ஏன்’னு கேக்குமா?”

“கேக்காது. எழுதினபடி செய்யும்.”

“பெறகு உங்களுக்கு மட்டும் காரணம் எதுக்கு?”

எரிச்சலில், அவர் சுற்றிவரும் நேரத்தை மட்டும் பார்த்து, ‘இரண்டு நிமிடம் காத்திருக்கவும்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்போது அவர் அங்கே இல்லை. ஒவ்வொரு லாரிக்கும் இரண்டு நிமிடம் தவறாமல் காத்திருந்து சீட்டை நீட்டுகிறது இயந்திரம். எல்லாச் சக்கரமும் மேடைமேல்தான் நிற்கிறதா என்று லாரியை யாரும் சுற்றிப் பார்ப்பதில்லை.