பதினொரு புள்ளி

இது நடந்தது. நம்பாதவர்கள் பாளையம்பட்டிக்கு வரலாம். ரவுட்டர் அங்கேதான் இருக்கிறது, சாட்சி சொல்லும். நடந்தது நடுராத்திரியில்கூட இல்லை. போன ஆவணியில் ஒரு புதன்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கும் உச்சிப்பொழுது.

அக்கா நாகஜோதிக்கு ஒரு மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. சென்னைக் கம்பெனி. நாலு மாதம் காத்திருந்து கிடைத்தது. வீட்டிலோ திங்கள்கிழமையிலிருந்து நெட் இல்லை. ரவுட்டர்தான் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, தம்பி காளீஸ்வரன் அருப்புக்கோட்டைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தான். புதியது இணைப்பின் யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்டது. அவற்றை எழுதிய சீட்டு எப்போதோ சட்டைப்பையோடு துவைக்கப்பட்டு முக்தியடைந்திருந்தது. போனில் சிக்னல் ஒரு கோடு. நெட் லைன் ஆபீஸில் யாரும் போனை எடுக்கவில்லை.

"ஏலே, மணி பன்னெண்டரை ஆகப்போவுது. என் பொழப்புல மண்ணப் போட்றாத."

"பழசுக்குள்ள இருக்கும்க்கா. தோண்டி எடுத்துத் தாரேன்."

12.31. பழைய ரவுட்டரை லேப்டாப்போடு கேபிளில் இணைத்து, அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தான். யூசர் நேம் தெரிந்தது. பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்புப் புள்ளிகள். எட்டு.

பக்கத்து வீட்டு விசைத்தறி சட்டென்று நின்றது. மின்விசிறியும் நின்றது. கரண்டு போய்விட்டது.

பழைய ரவுட்டரில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"கரண்டு பில்லு மிச்சம்," என்றான் காளீஸ்வரன்.

12.38. பக்கத்தை மறுபடி திறந்தான். ஒன்பது புள்ளி. மறுபடி... பத்து. டிக்... என்று ரவுட்டருக்குள் ஒரு சத்தம். உள்ளிருந்து நகத்தால் சுண்டுவதுபோல்.

பதினொன்று. அதோடு நின்றது.

புள்ளிகளை எழுத்தாக்கும் வித்தை அவனுக்குத் தெரியும். பிரவுசரில் அந்தப் பாஸ்வேர்டு பெட்டியின் கோடிங்கைத் திறந்து ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். மாற்றினான்.

ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வந்தது.

ullavaravaa. உள்ள வரவா.

டிக்...

"வா," என்றான். "வந்து மொதல்ல லைனக் குடு. பயமுறுத்துறதெல்லாம் ரெண்டு மணிக்கு மேல வச்சுக்க."

12.52. கரண்டு வந்தது. புது ரவுட்டரில் அதையே அடித்தான்.

நெட் வந்தது.

இன்டர்வியூவுக்கு யாரும் குறுக்கே வரக்கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு, இருபத்திரண்டு நிமிடமும் வெளியே வேப்பமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் நெட் லைன்மேன் தங்கபாண்டி வந்தார். "திங்கக்கிழம இடி விழுந்து தெருமுனைப் பெட்டி கருகிப்போச்சு தம்பி. இப்பத்தான் மாத்துனேன். மூணு நாளா இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் நெட்டு இல்ல."

சாயங்காலம் கம்பெனியிலிருந்து மெயில். 'நேற்று நீங்கள் வரவில்லை. விருப்பமிருந்தால் நாளை ஒரு மணிக்கு வரலாம்.'

நாகஜோதி மெயிலை இரண்டு முறை படித்தாள்.

"நேத்து கேள்வி கேட்டவரு கேமராவ அணச்சிருந்தாருலே. குரல் மட்டுந்தான். கடைசியா, பின்னாடி நிக்கிறது உங்க தம்பியான்னு கேட்டாரு. நான் திரும்பாமயே ஆமான்னுட்டேன்."

"நாளைக்கு வேற எடம் பாப்பமாக்கா?"

"எதுக்கு? அதே நாற்காலி. இந்தத் தடவ திரும்பிப் பாத்துட்டுப் பதில் சொல்றேன்."