மழைக்கு வாங்கின பழைய டயர்

மாட்டு வண்டியில மரச்சக்கரம் போய் டயர் வந்த காலம். என் வீட்டுக்காரர் மூட்டை தூக்கி இடுப்பு பிசகிப் படுத்துட்டார். மாடும் வண்டியும் சும்மா நிக்கக் கூடாதுன்னு நான் ஓட்ட ஆரம்பிச்சேன். ஓரிக்கையில இருந்து காஞ்சிபுரம் ரைஸ் மில்லுக்கு நெல்லு ஏத்தற வாடகையிலதான் எங்களுக்குச் சோறு.

புரட்டாசியில ஒரு மழை. மில் வாசல் சரிவுல என் வண்டி பக்கவாட்டுல வழுக்கி, கேட்டை அடைச்சிக்கினு நின்னுபோச்சு. மேனேஜர் குடையோட வந்து சக்கரத்தைப் பாத்தார்.

"மொட்டை டயர வெச்சிக்கினு மழையில வருவியாமா? பட்டன் டயர் மாட்டிக்கினு வா. இல்லனா மழை முடியற வரைக்கும் உனக்கு லோடு இல்ல."

எங்க வண்டிக்கெல்லாம் லாரியில ஓடிக் கழிச்ச டயர்தான். பழைய டயர் விக்கிற பாய் கடைக்குப் போனேன். வாசல்ல ஒரு ஜோடி கருகருன்னு மின்னிச்சு, ரோட்டைப் பிடிக்கிற பட்டன் நல்ல ஒசரம். பின்னால கிடந்த ஜோடியில பட்டன் தேஞ்சு போயிருந்தது.

கூட வந்த வண்டிக்காரர், "இன்னாக்கா யோசன, மின்னறத எடு. பாத்ததும் மேனேஜரே கேட்டைத் திறப்பாரு"ன்னார்.

நான் தறிக்காரர் வீட்டுப் பொண்ணு. எங்கப்பா புடவையைத் திருப்பிப் பின்பக்கம் விரல் ஓட்டாம யார் கையிலயும் குடுக்க மாட்டார். அந்தப் பழக்கத்துல மின்னின டயர் உள்ள கையை விட்டு ஒரு சுத்து தடவினேன். ஒரு இடத்துல ரப்பருக்குள்ள ஓடற நூலு அறுந்து விரல்ல குத்துச்சு.

"இன்னாமா, டயருல சரிகை தேடறியா?" பாய் சிரிச்சார்.

"இழை போயிருக்குது பாய். நெல்லு மூட்டை தாங்குமா?"

அவரும் கையை விட்டுப் பாத்தார். சிரிப்பு நின்னுபோச்சு. "தாங்காது. கல்லு மேல ஏறினா வெடிச்சிடும். தேஞ்சதை எடு, அதுல நூலு கெட்டி."

"பட்டன் இல்லியே, மேனேஜர் உள்ள விட மாட்டாரே."

"ரப்பர் தடிப்பா இருக்குது, நானே வெட்டித் தரேன். மாட்டு வண்டிதானே, லாரி ஸ்பீடுலயா போவப்போற?"

கத்தியைக் காய்ச்சி, குந்திக்கினு, சாயங்காலம் வரைக்கும் ரப்பர்ல வரி வரியா வெட்டினார். அதுக்குக் கூலி வாங்கல. மின்னின ஜோடியை வாசல்ல இருந்து எடுத்து உள்ள தள்ளிட்டார்.

ஐப்பசி அடைமழையில அதே சரிவு ஏறினேன். மாடு மூச்சு வாங்கிச்சு, வண்டி வழுக்கல. மேனேஜர் குனிஞ்சு பாத்தார்.

"இந்த டிசைன நான் பாத்ததே இல்லியே. எந்தக் கம்பெனிமா?"

"பாய் கம்பெனி"ன்னேன். அவருக்கே சிரிப்பு வந்து, லோடு எழுதச் சொன்னார்.

அந்த மழைக்காலம் முழுக்க எங்க அடுப்பு எரிஞ்சது அந்த பாய் புண்ணியம். பழசு வாங்கப் போறவங்க உள்ள கையை விட்டுப் பாருங்க. கூடவே கடைக்காரரும் கையை விட்டுப் பாத்தார்னா, அந்தக் கடையை விட்டுடாதீங்க.